முறுக்கு யூனிட் போடலாமா? மெஷினுக்கு முன்னால் பாக்கியை எண்ணிப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கரூரில் அம்மா சுடும் முறுக்குக்கும் சீடைக்கும் தெருவில் நல்ல பெயர். தீபாவளிக்கு ஆர்டர் குவிகிறது. நீங்கள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கையில் இருக்கும் 6 லட்சத்தில் 4 லட்சத்தை மெஷினுக்கும் ஷெட்டுக்கும் போட்டு, பாக்கெட் அடித்துக் கடைகளுக்கு சப்ளை செய்ய நினைக்கிறீர்கள். எந்த மெஷின் நல்லது, எந்தக் கடன் திட்டத்தில் மானியம் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் பிறகு பார்ப்போம். கடைகளுக்குக் கொடுத்த சரக்கின் பணம் எத்தனை நாளில் திரும்பி வரும் என்று நீங்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. என் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

சிறிய உணவு யூனிட்டுகளுக்கு ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு பார்ப்பது என் வேலை. பலகாரம், மசாலா, ஊறுகாய், அப்பளம் என்று பலரின் நோட்டுகளைப் பார்க்கிறேன். மூடிவிட்டுப் போன யூனிட்டுகளின் கடைசி வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தால் பல நேரம் அதில் லாபம் என்றுதான் இருக்கும். சின்ன லாபம், ஆனால் லாபம். பேங்கில்தான் பணம் இருக்காது. எண்ணெய்க் கடைக்காரருக்குக் கொடுக்க வழியில்லாமல் சுடுவதை நிறுத்தியிருப்பார்கள். லாபம் முழுவதும் ஏதோ ஊர்க் கடைகளில் பாக்கியாக நிற்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதை எண்களோடு பார்ப்போம். கீழே இருப்பவை உதாரணத்துக்கு நான் போட்ட எண்கள். உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஒரு கிலோ முறுக்குக்கு அரிசி மாவு, உளுந்து, எண்ணெய், எள்ளு, ஓமம் எல்லாம் சேர்த்து 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேஸ் 14, கூலி 40, கவர், லேபிள், அட்டைப்பெட்டி 16. மொத்தம் 180. சுட்டதெல்லாம் பாக்கெட்டுக்குள் போகாது. உடைசல் 5 சதவீதமாவது இருக்கும். ஆக, விற்கக்கூடிய ஒரு கிலோவின் அடக்கம் 190. வாடகை, கரண்ட், டெலிவரி வண்டி, உங்களுக்கு ஒரு 20,000 சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ஆகிறது, மாதம் 1,000 கிலோ விற்கிறீர்கள் என்றால் கிலோவுக்கு இன்னும் 60. அடக்கம் 250.

வீட்டில் சுடும்போது இந்தக் கணக்கு வேறு மாதிரி தெரியும். அம்மாவின் கூலி அதில் இல்லை. வாடகை இல்லை. கேஸும் பெரும்பாலும் வீட்டுச் சிலிண்டராகவே இருக்கும், 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும், அதன் விலை வேறு. அதனால் வீட்டில் கிலோவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் நிற்பதாகத் தோன்றும். யூனிட் போட்ட முதல் மாதமே அது காணாமல் போகும்.

சரி, விற்பனைப் பக்கம் வருவோம். 200 கிராம் பாக்கெட்டில் எம்ஆர்பி 80 ரூபாய் என்று அச்சடிக்கிறீர்கள். கிலோ 400 ஆயிற்றே, அடக்கம் 250தானே, 150 ரூபாய் நிற்குமே என்று தோன்றும். கடைக்காரருக்கு 20 சதவீதம் போனால் பாக்கெட் 64. நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் அவர் உங்களிடம் 58க்கு எடுப்பார். கிலோவுக்கு 290. அதற்குள் 5 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது (பாக்கெட் நொறுக்குத் தீனிக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது). வரியைக் கழித்தால் உங்களுக்கு 276. ஆக 26 ரூபாய். விற்காமல் நாள் தாண்டித் திரும்பி வரும் சரக்கு 4 சதவீதம் என்றால் அதில் 11 போகும். மிச்சம் கிலோவுக்கு 15 ரூபாய், மாதம் 15,000. சம்பளம் 20,000 தனி.

நஷ்டம் இல்லை, சின்னதாகத் தொடங்குபவருக்கு இது மோசமும் இல்லை. இனி நாட்களைப் பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் 30 நாள் கடன் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். நடைமுறையில் 50 நாள் ஆகும். அவருக்கே கடைகளிலிருந்து அப்போதுதான் வரும். 50 நாளில் நீங்கள் அனுப்பியிருக்கும் சரக்கு சுமார் 1,670 கிலோ. அடக்க விலையிலேயே அது 4 லட்சத்துக்கு மேல். கூடவே மூலப்பொருள் ஒரு பத்து நாள் ஸ்டாக், சுட்டு வைத்தது ஒரு வாரத்துக்கு. அதற்குச் சுமார் ஒரு லட்சம் வேண்டும். எண்ணெய்க் கடையில் ஒரு வாரக் கடன் கிடைத்தால் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் மாதம் 15,000 லாபம் பார்க்க 5 லட்சம் ரூபாய் எப்போதும் சுழற்சியில் நிற்க வேண்டும். நீங்கள் 4 லட்சத்தை மெஷினுக்கும் ஷெட்டுக்கும் போட்ட பிறகு கையில் இருப்பது 2 லட்சம். முதல் மாதம் முடிவதற்குள் அது கரைந்துவிடும். விற்பனை நன்றாக இருந்தால் இன்னும் சீக்கிரம் கரையும். இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆர்டர் இரட்டிப்பானால் பாக்கியும் இரட்டிப்பாகும். லாபம் வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பப் பல மாதங்கள் பிடிக்கும்.

ஜிஎஸ்டியும் இதில் ஒரு கை வைக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் உங்களுக்குப் பணம் கொடுத்தாரா இல்லையா என்று வரித்துறை கேட்காது. பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சரக்கு விற்பவர்களுக்கு வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. மேலே சொன்ன அளவில் உங்கள் விற்பனை 33 லட்சத்தைச் சுற்றித்தான் வரும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரும் சூப்பர் மார்க்கெட்டும் ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவரிடம் வாங்கத் தயங்குவார்கள். அங்கே போகிற நாளில் பதிவு செய்தால் போதும். அதுவரை அந்தத் தலைவலி வேண்டாம்.

அப்படியானால் யாரிடம் விற்பது?

உங்கள் ஊர்ப் பக்கம் டீக்கடைகளில் கண்ணாடி பாட்டிலில் முறுக்கு அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வியாபாரத்தைப் படித்தவர்கள் கேவலமாக நினைக்கிறார்கள். லேபிள் இல்லை, பிராண்ட் இல்லை, சமூக ஊடகத்தில் போட்டோ போட முடியாது. ஆனால் அங்கே கவர் செலவு கிடையாது, டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது, ரிட்டர்னும் மிகக் குறைவு. அதைவிட முக்கியம், பணம் ‘பில் டு பில்’ வரும். இந்த முறை சரக்கு வைக்கும்போது போன முறைக்கான காசைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். மூன்று நாளுக்கு ஒருமுறை போனால் உங்கள் பணம் மூன்று நாளில் திரும்புகிறது. டிஸ்ட்ரிபியூட்டரிடம் 50 நாளில் ஒருமுறை சுழலும் அதே பணம் இங்கே 50 நாளில் பதினாறு முறை சுழலும். கிலோவுக்கு மார்ஜின் கம்மியாகத் தெரிந்தாலும், போட்ட பணத்துக்கு எது அதிகம் தருகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று சீர் பலகாரம். கல்யாணம், வளைகாப்பு, தலைதீபாவளி. தட்டு வரிசையில் வைக்கும் பெரிய முறுக்கு, அதிரசம், லட்டு. இங்கே வாங்குபவர் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுப்பார். அந்த முன்பணத்திலேயே மாவும் எண்ணெயும் வாங்கிவிடலாம். பேரமும் அவ்வளவாக இருக்காது, ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வைக்கும் பொருள். பேங்க் கொடுக்காத கடனை வாடிக்கையாளரே வட்டியில்லாமல் கொடுக்கும் இடம் இது. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் படுத்துவிடும் என்பதுதான் குறை. அந்த மாதங்களுக்கு டீக்கடை இருக்கிறது.

மூன்றாவது, தீபாவளிக்கு ஊழியர்களுக்கு ஸ்வீட், காரம் பெட்டி கொடுக்கும் நிறுவனங்கள். கரூரில் டெக்ஸ்டைல் கம்பெனிகளும் பஸ் பாடி கட்டும் பட்டறைகளும் நிறைய இருக்கின்றன. ஆகஸ்ட் மாதமே போய்ப் பேசி, சாம்பிள் கொடுத்து, முன்பணம் வாங்கிவிட வேண்டும். அக்டோபரில் போனால் முடிவு எடுத்து முடித்திருப்பார்கள்.

பெரியவர்கள் நிற்கும் இடத்தை விட்டு விலகித் தொடங்குவது பயந்தவர்களின் வழி என்று நினைக்க வேண்டாம். ஆர்.ஜி. சந்திரமோகன் 1970இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாயோடு குச்சி ஐஸ் செய்யத் தொடங்கினார். அன்று சென்னையின் நல்ல கடைகளையெல்லாம் பெரிய பிராண்டுகள் பிடித்து வைத்திருந்தன. அவர் அங்கே போய் முட்டவில்லை. கல்லூரி விடுதிகளுக்குக் கொடுத்தார், கப்பல்களுக்குப் பொருள் தருகிறவர்களுக்குக் கொடுத்தார், அப்புறம் மற்றவர்கள் கண்டுகொள்ளாத சிறு ஊர்களுக்குப் போனார். அதுதான் அருண் ஐஸ்கிரீம், இன்றைய ஹட்சன் பால் நிறுவனம். கடலூரில் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாக வந்து சிக் ஷாம்பு தொடங்கிய சி.கே. ரங்கநாதன் பாட்டில் ஷாம்பு வாங்க முடியாத கிராமத்து ஆட்களைப் பார்த்தார். ஐந்து காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார். இவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அந்தச் சின்ன முதலீட்டுத் தொகையைத்தான் வியக்கிறார்கள். எனக்கு அவர்கள் முதலில் யாரிடம் விற்கப் போனார்கள் என்பதுதான் பாடமாகத் தெரிகிறது.

பாக்கெட்டே போடக் கூடாது என்று சொல்லவில்லை. போடுங்கள், ஆனால் அதற்கு ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடனில் போகக் கூடாது, ஒரே பார்ட்டியிடம் கால் பங்குக்கு மேல் பாக்கி நிற்கக் கூடாது என்பது நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது. இதற்கு சாஸ்திரம் எதுவும் கிடையாது, என் அனுபவக் கணக்கு. பழைய பில் முடியாமல் மூன்றாவது லோடு அனுப்பாதீர்கள். பாக்கியைக் கேட்டால் ஆர்டர் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வசூலுக்குப் போகும் நாளை மாற்றாமல் வைத்துக்கொண்டாலே போதும். வியாழக்கிழமை வருவான் என்று தெரிந்தால் கடைக்காரரும் எடுத்து வைப்பார்.

சட்டத்தில் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆன்லைனில் நீங்களே செய்யலாம். காசு கேட்கும் போலி இணையதளங்கள் இருக்கின்றன, கவனம். உற்பத்தி செய்யும் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு இருந்தால், 2006ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம்.

நடைமுறையில், புகார் கொடுத்த பிறகு அந்தப் பார்ட்டி உங்களிடம் மறுபடி வாங்க மாட்டார். அதனால் இது கடைசி ஆயுதம். அதைவிட உபயோகமானது வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் 1 முதல் 43பி(எச்) என்ற பிரிவாக நடைமுறைக்கு வந்த விதி. அந்தக் கெடுவுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், உங்களிடம் வாங்கிய தொகையை அவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். அதனால் ஒவ்வொரு மார்ச் மாதமும் பெரிய நிறுவனங்களின் ஆடிட்டர்களே எந்தெந்த சிறு நிறுவனங்களுக்குப் பாக்கி இருக்கிறது என்று பட்டியல் கேட்கிறார்கள். உங்கள் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடித்து வையுங்கள். ஆனால் கணக்குப் புத்தகம் வைக்காமல் விற்பனையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டும் சின்ன மளிகைக் கடைக்காரரை இது தொடாது. அவரிடம் வியாழக்கிழமை வசூல்தான் வழி.

செக் வாங்கி அது திரும்பிவிட்டால், பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதைப் பெற்ற பிறகு 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்கு மேல் ஒரு மாதத்துக்குள் வழக்கு. ‘அடுத்த வாரம் மறுபடி போடுங்க’ என்று பேசிப் பேசியே அந்த 30 நாளைத் தாண்ட வைப்பவர்கள் உண்டு.

இப்போது மெஷின். மாவு பிழியும் மெஷினைத்தான் எல்லோரும் முதலில் விலை கேட்கிறார்கள், பார்க்கவும் அதுதான் கவர்ச்சி. வாங்குவதற்கு முன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கடாய்தான் தாமதம், பிழிவது இல்லை. அல்லது சுட்டது ஆறுவதற்கு இடம் இருக்காது. அல்லது பேக்கிங்கில் இரண்டு பேர் மெழுகுவர்த்தி வைத்துக் கவர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். கடாய் தாமதமாக இருக்கும்போது பிழியும் மெஷின் வாங்கினால், பிழிந்த முறுக்கு தட்டில் காயும். என் கணிப்பில் உங்களுக்கு முதலில் வேண்டியது முத்திரை போட்ட தராசு, கவர் ஒட்டும் பேண்ட் சீலர், இன்னொரு பர்னர். இவை மூன்றும் சேர்ந்து நீங்கள் ஒதுக்கிய 4 லட்சத்தில் சின்னப் பகுதிதான் ஆகும்.

கவரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண பிளாஸ்டிக் கவரில் முறுக்கு சீக்கிரமே நமுத்துப் போகும், எண்ணெய்ச் சிக்கு வாடை வரும். அந்த 4 சதவீத ரிட்டர்ன் 10 ஆனால் உங்கள் லாபம் முழுவதும் அதிலேயே போய்விடும். கணக்கில் பார்த்தீர்கள், கிலோவுக்கு 15தான் மிச்சம். எத்தனை நாள் தாங்கும் என்பதை வாயால் சொல்லாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில், ஐஐஎஃப்பிடி என்று முன்பு சொல்வோமே அதே இடம், தொழில்முனைவோருக்கான வழிகாட்டலும் சோதனைக்கூடமும் இருக்கின்றன. கரூரிலிருந்து போய்விட்டு அன்றே திரும்பும் தூரம்தான்.

எண்ணெயை எத்தனை முறை காய்ச்சுவது என்பதற்கும் விதி இருக்கிறது. 2018 ஜூலை முதல், காய்ச்சிய எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெய் காயக் காய அதில் சேரும் கெட்ட பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. அதிகாரிகள் கையில் ஒரு மீட்டரோடு வருவார்கள், எண்ணெயில் முக்கினால் எண் காட்டும். ஆக, கழிக்கும் எண்ணெயின் விலையும் அடக்கத்தில் சேர வேண்டும். மேலே நான் போட்ட 110இல் அது இருக்கிறதா என்று கேட்காதீர்கள், உங்கள் கடாயை வைத்து நீங்கள் கணக்குப் போடுங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு வீட்டில் சுட்டு விற்றாலும் வேண்டும். பாக்கெட் என்றால் அந்தப் பதிவின் 14 இலக்க எண், பச்சைப் புள்ளி, சேர்மானப் பட்டியல், நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த தேதி, முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண் என்று பலவும் லேபிளில் இருக்க வேண்டும். பத்தாயிரம் கவர் அச்சடிக்கும் முன் இரண்டு பேரிடம் காட்டிவிடுங்கள். ஒரு வரி விட்டுப்போனால் அத்தனையும் குப்பை. பெயர் விஷயத்தில் ஒன்று: மணப்பாறை பக்கத்தில்தானே இருக்கிறது என்று அந்தப் பெயரைப் போட்டுவிடாதீர்கள். மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கே உரிய பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்துவிட்டது. உங்கள் சொந்தப் பெயரை வையுங்கள், டிரேட்மார்க் விண்ணப்பத்துக்கு தனிநபர், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். அம்மா பெயரையே வைக்கிறவர்கள் நிறைய. அந்தப் பெயர் ஏற்கெனவே பத்துப் பேரிடம் இருக்கும், தேடிப் பார்த்துவிட்டு வையுங்கள்.

அம்மா என்றதும் நினைவுக்கு வருகிறது. அவருடைய பக்குவம் இப்போது அவர் கையில்தான் இருக்கிறது. ‘ஒரு கை உப்பு, மாவு பதமா வர்ற வரைக்கும் தண்ணி’ என்பதை கிராமிலும் மில்லியிலும் மாற்றி எழுதுங்கள். அவர் செய்யும்போது பக்கத்தில் தராசை வைத்து, போடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எண்ணெயின் சூட்டையும் அளந்து குறியுங்கள். ஒரு நாள் அவருக்கு முடியாமல் போனால் அன்றும் அதே முறுக்கு வர வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் போட்டுக் கொடுங்கள். இதைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கூலி கணக்கில் ஏறாதவரை உங்கள் அடக்க விலை பொய்தான். பின்னால் அவர் இடத்தில் ஒரு மாஸ்டரை வைக்கும்போது விலையைத் திடீரென்று ஏற்றவும் முடியாது.

கடனுக்கு வருவோம். நீங்கள் நினைத்திருப்பது, சொந்தப் பணத்தில் மெஷின் வாங்கிவிட்டு, சுழற்சிக்குப் பேங்கில் கேட்பது. தலைகீழாகச் செய்யுங்கள். புதிய யூனிட்டுக்கு சுழற்சிக் கடன் கொடுக்க பேங்க் தயங்கும். மெஷினுக்குக் கொடுக்க அவ்வளவு தயங்காது, கொட்டேஷன் இருக்கிறது, பொருள் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே மெஷின் பேங்க் கடனில் வரட்டும், உங்கள் 6 லட்சம் மாவாகவும் எண்ணெயாகவும் பாக்கியாகவும் சுழலட்டும். முத்ரா என்ற மத்திய அரசுக் கடன் திட்டத்தில் அடமானம் இல்லாமல் கிடைக்கும். 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். உணவுப் பதப்படுத்தலுக்கென்று 2020இல் வந்த பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம். பிஎம்இஜிபி என்று இன்னொரு மானியக் கடன் திட்டமும் உண்டு. இப்போது எதற்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். நடுவில் ‘வாங்கித் தருகிறேன்’ என்று வருகிறவரிடம் வேண்டாம்.

மானியத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அது உங்கள் கைக்குப் பணமாக வராது. பேங்கில் தனியாக வைக்கப்பட்டு, மூன்று வருடம் கடனை ஒழுங்காகக் கட்டினால்தான் பிறகு கடனில் கழிக்கப்படும். அதனால் மானியத்தை நம்பித் தேவைக்கு மேல் பெரிய மெஷின் எடுக்காதீர்கள். மூன்று வருடமும் தவணை உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

அப்புறம் தண்டல், அதாவது தினசரி வசூலிக்கும் கடன். அவசரத்துக்கு எண்ணெய் டின் வாங்க வேண்டும், 10,000 ரூபாய்க்குக் கையில் 9,000 தருவார், தினம் 100 வீதம் 100 நாள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக உங்களிடம் இருப்பது 4,500தான். அதற்கு 100 நாளில் ஆயிரம் என்றால் வருடத்துக்கு 80 சதவீதத்துக்கு மேல். கிலோவுக்கு 15 ரூபாய் நிற்கும் தொழிலில் இதைத் தூக்கிச் சுமக்க முடியாது.

கணக்குக்குப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் இப்போது வேண்டாம். தொழிலுக்குத் தனி பேங்க் கணக்கு, தனி க்யூஆர் கோடு. வீட்டுச் செலவு அதிலிருந்து போகக் கூடாது. சம்பளமாக எடுத்து வீட்டுக் கணக்கில் போட்டுச் செலவு செய்யுங்கள். ஒரு நோட்டில் சனிக்கிழமை தோறும் நான்கு எண்களை எழுதுங்கள்: கையிலும் பேங்கிலும் உள்ள பணம், வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, கையிருப்புச் சரக்கின் மதிப்பு. முதலாவது, இரண்டாவது, நான்காவதைக் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் வருவது வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறுகிறது, ஆனால் இரண்டாவது எண் மட்டும் தனியாக வீங்கிக்கொண்டே போகிறது என்றால், அந்த வாரம் புதுக் கடை பிடிக்கப் போக வேண்டாம், வசூலுக்குப் போங்கள்.

ஆள் விஷயத்தை நீட்டவில்லை, இரண்டு மூன்று பேரோடு தொடங்குகிறீர்கள். பத்துப் பேரைத் தொட்டால் ஈஎஸ்ஐ வரும், இருபதில் பிஎஃப். முன்பணம் கொடுத்தால் எழுதி வையுங்கள், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துவிடுங்கள்.

வேலையை விடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் தொடங்கவும் வேண்டாம். அந்த மாதம் யார் சுட்டாலும் விற்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பொங்கல் முடிந்து, தை கடைசியில் ஆரம்பியுங்கள். காலையில் வேலைக்குப் போகும் முன் பத்து டீக்கடை, வார இறுதியில் சீர் ஆர்டர், உதவிக்கு ஒருவர். சித்திரை வரை நடத்துங்கள். அந்த மூன்று மாதத்தில் அம்மாவுக்கும் உதவியாளருக்கும் கூலி கொடுத்த பிறகும் உங்கள் இப்போதைய சம்பளத்தில் பாதியாவது நின்றால் ராஜினாமா கடிதத்தைப் பற்றி யோசிக்கலாம். நின்றால் அந்தச் சனிக்கிழமை நோட்டையும் பில் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போங்கள். மேனேஜர் கேட்கும் புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு வேண்டிய எண்களில் பாதி அதிலேயே இருக்கும், மீதிக்கு மெஷின் கொட்டேஷன் போதும்.